கதவுக்கு உள்ளே

அமெரிக்காவின் டுலூத் நகரில் தனியாகக் கம்பளி நூல்கடை நடத்தும் மார்லிஸ், கடையைப் பூட்டிக்கொண்டு மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போகும் நேரம் பார்த்துத்தான் கூரியர்காரன் வருவான். இரண்டு முறை பெட்டி திரும்பிவிட்டது. இன்றும் வாங்காவிட்டால் கிறிஸ்துமஸ் சரக்கு நூல் மில்லுக்கே திரும்பிவிடும். அதனால் மகளைக் கூட்டிவரத் தங்கையை அனுப்பிவிட்டு, பனியில் கடை வாசலிலேயே நின்றாள். கூரியர்காரன் வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"பூட்டின கடைக்கே வர்றியே, வேணும்னே பண்றியா?"

"உள்ள ஒரு அம்மா நின்னு, வேணாம்னு தலையாட்டுறாங்க. நான் என்ன பண்ண?"

"என்னைத் தவிர இங்க யாருமில்ல. பெட்டியைக் குடு."

அவன் அவளைத் தாண்டிக் கண்ணாடிக் கதவைப் பார்த்தான்.

"இப்பவும் வேணாம்ங்கிறாங்க."

பெட்டியை மறுபடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

மார்லிஸ் திரும்புவதற்குள் உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. கதவில் தொங்கிய அட்டை மெதுவாக 'கடை மூடியிருக்கிறது' பக்கம் திரும்பியது.