சும்மா என்ற பதவி

தீவு அபிவிருத்திச் சபையின் இயந்திரம் வீடு வீடாகக் குரல் கொடுத்துத் தொழில் விசாரித்தபோது, யோகலிங்கம் வாய் கூசாமல் சொன்னான்: "நான் கடலுக்குப் போறனான். மனிசி வீட்டில சும்மா இருக்கிறா."

இயந்திரத்துக்குப் பேச்சுவழக்கு தெரியாது. சொன்னதைச் சொன்னபடியே நம்பும். 'சும்மா' என்பது என்ன தொழிலோ என்று ஒரு மாதம் முழுக்க அவன் மனைவி தவமலரையே கவனித்தது. இவ்வளவு வீட்டு வேலையையும் ஒருத்தியே சமாளிக்கிறாளே என்று அசந்துபோய், புதிய இறங்குதுறை கட்டும் வேலைக்கு அவளைத் தலைவியாக்கிவிட்டது. கூடவே ஓர் அறிவித்தலும் வந்தது:

"உங்கள் வீட்டில் சும்மா என்ற பதவி காலியாக உள்ளது. யோகலிங்கம் பொறுப்பேற்க வேண்டும். மறுத்தால் தீவுக்கு இறங்குதுறை இல்லை."

யோகலிங்கத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சும்மா இருக்க எனக்குப் படிப்பிக்க வேணுமே? நீர் போயிட்டு வாருமப்பா!" என்று தவமலரை அனுப்பிவைத்தான்.

மறுநாள் அவன் நல்ல தண்ணீருக்கு வரிசையில் நின்று திரும்புவதற்குள் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. ஆட்டைத் துரத்திப் போன நேரத்தில் அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. அதைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது முற்றத்தில் காயவிட்ட மீனைக் காகம் தூக்கியது. காகத்துக்கு எறிந்த கல்லோ பக்கத்து வீட்டுக் கூரையைப் பதம் பார்த்தது.

பின்னேரம் கூட்டாளி இராசநாயகம் சீட்டுக்கட்டோடு படலையடியில் வந்து நின்றான். "டேய் யோகம், சும்மாதானே இருக்கிறாய்? வாவன், ஓர் ஆட்டம் போடுவம்."

யோகலிங்கம் அகப்பையும் கையுமாகப் பாய்ந்து வந்தான்.

"ஓமடா, சும்மாதான் இருக்கிறன்! எனக்கு எங்கையடா நேரம்?"