அம்மாவின் நைட்டி

மார்கழிப் பனி இன்னும் கொட்டகைக்குள் நிற்கிறது. அரையாண்டு விடுமுறைக்கு வந்திருக்கும் செம்மொழி, அம்மாவின் நைட்டியை மாட்டிக்கொண்டு செவலைப் பசுவின் அருகே குந்துகிறாள். மற்ற மாடுகளைக் கறந்தாயிற்று. இது மட்டும் அம்மாவைத் தவிர யாரையும் அண்டவிடாது. அம்மாவுக்கோ நேற்று கை முறிந்துவிட்டது. பசுவின் மடி கனத்துச் சிவந்து கிடக்கிறது. "வாயைத் திறக்காதடி, குரலை வச்சே கண்டுபிடிச்சிடும்," என்று கைக்கட்டோடு கிசுகிசுக்கிறாள் அம்மா. "உன் நைட்டிக்குள்ள ரெண்டு செம்மொழி நுழையலாம்மா!" என்று சொல்லும்போதே செம்மொழிக்குச் சிரிப்பு பீறிடுகிறது. செவலை வெடுக்கெனத் திரும்பி அவள் முகத்தை முகர்கிறது. ஈர மூச்சு கன்னத்தில் படுகிறது. காம்பைப் பற்றிய விரல்களை எடுக்காமல், உதை விழப்போகிறதென்று கண்ணை மூடிக்கொள்கிறாள். மாடு வைக்கோலுக்குத் திரும்புகிறது. வாளியில் சர்ரென்று பால் இறங்குகிறது. "ஏமாந்துடுச்சாடி?" என்கிறாள் அம்மா. "இல்லம்மா. நான்னு தெரிஞ்சுதான் விடுது."