கப்பலில் எடுத்த கிண்ணம்

"மூழ்கின கப்பலைக் கண்ணால மட்டும் பாருங்க, சார். ஒரு பொருள் காணாமப்போனாலும் எங்க படகோட அனுமதியை ரத்து பண்ணிடுவாங்க" என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் ஷஹ்பாஸ் பயணிகளைக் கடலுக்குள் இறக்கினான்.

மேலே வந்தவர்களில் ஒரு சென்னைக்காரரின் பை புடைத்திருந்தது. உள்ளே சிப்பி ஒட்டிய பித்தளைக் கிண்ணத்தைக் கண்டதும், அன்றுதான் படகில் வேலைக்குச் சேர்ந்திருந்த தங்கை சுமையா ஷஹ்பாஸிடம் விரைந்தாள்.

"காக்கா, அந்த ஆளு கிண்ணத்தைத் திருடிட்டாரு! நம்ம பொழைப்பே போயிடும்" என்று அண்ணனின் காதில் கிசுகிசுத்தாள்.

"பேசாம இரு."

முத்துப்பேட்டைக் கரை வந்ததும் சென்னைக்காரர் பையை அணைத்தபடி காரில் ஏறிப் பறந்தார். ஷஹ்பாஸ் சிரித்தபடி கையசைத்தான்.

சுமையா வெடித்தாள். "கப்பலைக் காப்பாத்துற லட்சணமா இது?"

"இதுதான் லட்சணம். திருட வர்றவருக்குக் கண்ணெதிரே ஒண்ணு கிடைச்சிட்டா, அதுக்கு மேல தேட மாட்டாரு. அதனால கப்பல் முகப்புலயே ஒண்ணு வச்சிருவேன். நிஜச் சாமானெல்லாம் உள்ளே பத்திரமா இருக்கு."

"அப்ப அந்தக் கிண்ணம்?"

"உப்புத்தண்ணியில சில மாசம் போட்டா சிப்பி தானா ஒட்டிக்கும். நம்ம அடுப்படியில எடுத்ததுதான். உம்மா இன்னும் பரண்ல தேடிக்கிட்டிருக்காங்க, சொல்லிடாதே!"