இல்லாத பிரேக்

அம்மா மறுபடியும் பிரேக்கை மிதித்தாள்.

அவள் பக்கம் பிரேக்கே கிடையாது. காரை ஓட்டுவது நான். ஆனால் முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு சிவந்தால் போதும், அம்மாவின் வலது கால் தரையை ஓங்கி அழுத்தும். முப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவள். அந்த மாதிரிக் கார்களில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஸ்கூலை மூடியாயிற்று, காரை விற்றாயிற்று. கால் மட்டும் இன்னும் வேலையை விடவில்லை.

"அம்மா, தரை ஓட்டையாகிடப் போகுது."

"நீ இடைவெளி விட்டு ஓட்டு. நான் ஏன் மிதிக்கப் போறேன்?"

நேற்றுக் காலையிலிருந்து இதே ரோதனை. நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகிறோம். இந்தப் பனிப்பொழிவில் புத்தியுள்ள யாரும் செய்யாத காரியம். விமானம் எல்லாம் ரத்து. பெரியம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், இன்றைக்கோ நாளைக்கோ என்கிறார்கள். "கிளம்பு" என்றாள் அம்மா. இத்தனை வருஷமாக அக்கா பேச்சை எடுத்தாலே எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறவள்.

சண்டை என்னவோ அல்பமானதுதான். பெரியப்பா போன பிறகு பெரியம்மாவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை வந்தது. தங்கையே ஸ்கூல் வைத்திருக்கும்போது வேறு எங்கே போவாள்? அம்மாவுக்கோ அக்காவும் ஒன்றுதான், ஊரான் வீட்டுப் பிள்ளையும் ஒன்றுதான். தொட்டதற்கெல்லாம் பிரேக், தொட்டதற்கெல்லாம் திட்டு. ஒருநாள் நடு சிக்னலில் வண்டி நின்றுபோனது. "உனக்கு இது வராதுக்கா, விட்டுடு" என்றாள். பின்சீட்டில் இருந்த மாணவர்கள் சிரித்தார்கள்.

பெரியம்மா இறங்கினாள். கதவைக்கூடச் சாத்தாமல் நடந்து போனாள். அந்த வருஷமே மகனோடு மறுகோடிக்குக் குடிபோய்விட்டாள்.

அம்மா பின்னாலேயே ஓடியிருக்கலாம். ஹாரன் அடிக்கிறார்களே என்று டிரைவர் சீட்டுக்கு மாறி வண்டியை எடுத்துவிட்டாள்.

இப்போது வழியெல்லாம் ஒத்திகை நடக்கிறது.

"உள்ள போனதும் எப்படி இருக்கேன்னு கேக்கவா, இல்ல எடுத்த எடுப்புல மன்னிச்சுடுக்கான்னு சொல்லிடவா? மூஞ்சியத் திருப்பிக்கிட்டாள்னா?"

"கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்னு சொல்லு."

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே பிரேக்கை மிதித்தாள்.

மத்தியானம் பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். குளிருக்குப் பயந்து அம்மா இறங்கவில்லை. காசு கட்ட உள்ளே போனபோது போன் அடித்தது. அண்ணன், பெரியம்மா மகன். பெரியம்மா இறந்துவிட்டாள், இப்போதுதான். "இனிமே என்ன அவசரம், பாத்து மெதுவா வாங்க" என்று அழுதான். இன்னும் ஏதேதோ சொன்னான். எல்லாவற்றுக்கும் ம், ம் என்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டு காபியோடு வந்து வண்டியை எடுத்தேன். அங்கே போனதும் சொல்லிக்கொள்ளலாம். அதுவரைக்குமாவது இவளுக்கு ஓர் அக்கா இருக்கட்டும்.

"யாரு போன்ல?"

"அண்ணன்தான். எங்க வந்திருக்கோம்னு கேட்டான்."

அம்மா காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். ஒத்திகை நின்றுபோயிருந்தது. தூங்கிவிட்டாளோ என்று திரும்பினால், கண் திறந்துதான் இருந்தது. ஒரு வேன் சட்டென்று குறுக்கே வந்தது. அவள் கால் அசையவில்லை. அடேயப்பா, கடைசியில் என் ஓட்டுதலும் அம்மாவுக்குப் பிடித்துவிட்டதே என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

வைப்பர் பனியைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

"பங்க்லேருந்து நீ ஒரு வண்டியக்கூட முந்தல" என்றாள் அம்மா.

நான் வைப்பரை இன்னும் வேகமாக்கினேன்.

"அக்கா போயிட்டாளா?"

தலையசைத்தேன். அவள் அழவில்லை. ஆறிப்போன காபியை ஒரு வாய் குடித்தாள்.

ரொம்ப தூரம் போன பிறகு கேட்டாள். "நெஞ்சு வலி வந்த அன்னிக்கு அக்காவ ஆஸ்பத்திரிக்கு யாருடி கூட்டிட்டுப் போனது? உங்க அண்ணன் வெளியூர்ல இல்ல இருந்தான்?"

அதையும் அண்ணன் போனில் சொல்லியிருந்தான். ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்துக்கு ஒன்றும் வரவில்லை.

"யாரும் இல்லம்மா. நெஞ்சு வலின்னதும் பெரியம்மாவே காரை எடுத்துக்கிட்டுப் போய் அட்மிட் ஆனாங்களாம். அங்க குடிபோன புதுசுலயே கத்துக்கிட்டு லைசென்ஸ் வாங்கிட்டாங்களாம்."

அம்மா கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தாள்.

"இந்தப் பனியிலயா?"

"ம்."

முன்னால் சாலை காலியாக இருந்தது, ஒரு வண்டி இல்லை. அம்மாவின் வலது கால் மெதுவாகத் தரையை அழுத்தியது. அப்புறம் அதை அவள் எடுக்கவே இல்லை.