படகு வண்டிக்குப் புதுக் கம்பளம்

வேளிக் காயல் கரையில் வெயில் கொளுத்துகிறது. கோலப்பன் ஆசாரியின் இடது கன்னத்தில் காலையில் விழுந்த அறையின் நான்கு விரல்களும் இன்னும் சிவந்து கிடக்கின்றன. மணலில் கவிழ்ந்திருக்கும் படகின் வயிற்றில் முழ நீளத்துக்கு ஒரு கீறல். படகை ஏற்றும் வண்டியில் கம்பளம் நைந்து, அடியிலிருந்த துருவேறிய ஆணி மேலே வந்து கிழித்த கீறல் அது. போன வருஷமே துருப்பிடிக்காத செம்பாணி கேட்டவன் கோலப்பன். இரும்பே போதும் என்றவர் படகின் சொந்தக்காரர் வக்கீல் தங்கப்பன். அறை மட்டும் கோலப்பனுக்கு. பழைய கம்பளத்தை ஆட்டுத்தோலை உரிப்பதுபோல் உரித்து எறிகிறான். கடப்பாரையை நுழைத்து நெம்பவும், உளுத்த பலகை எலும்பு முறியும் சத்தத்தோடு பிளக்கிறது. புதுப் பலகையில் ஒவ்வொரு செம்பாணிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு சுத்தியலை ஓங்குகிறான். மேலே தடித்த கம்பளத்தை இழுத்துக் கட்டுகிறான். பிறகு வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, நீளமான இரும்பாணி ஒன்றைக் கீழிருந்து மேலாக அடிக்கிறான். அதன் முனை பலகையைத் துளைத்துக் கம்பளத்தின் மயிருக்குள் ஒளிந்துகொள்கிறது.

“மெத்துன்னு இருக்காடா?” என்றபடி காரிலிருந்து இறங்கி வருகிறார் வக்கீல். அறைந்த அதே கையால் கம்பளத்தைத் தடவிக்கொண்டே போகிறார். ஆணி முனைக்கு ஒரு சாண் முன்னால் கை நின்றுவிடுகிறது. கோலப்பன் தோள்துண்டை எடுத்துப் பணிவாக இடுப்பில் கட்டிக்கொள்கிறான்.

“அந்த ஓரத்தையும் நல்லா அமர்த்திப் பாருங்க, சாரே.”