முதல் கவளம்

"தட்டு ஒண்டுதானே வந்திருக்கு?" மேர்சி தயங்கினாள்.

கோப்பன்ஹேகனின் எத்தியோப்பிய உணவகம் அது. எதிரே இருந்த ஸ்ரிபன் உற்சாகமாக விளக்கினான். "இஞ்ச ரெண்டு பேருக்கும் ஒரே தட்டுத்தான். இந்தப் புளிச்ச தோசையைப் பிச்சு, கறியை அதுக்குள்ள சுத்தி, மற்ற ஆளுக்கு ஊட்டி விடவேணும். அதுதான் இவையின்ர மரியாதை."

"இவையின்ர மரியாதையோ, உங்கட தந்திரமோ?"

மறுத்துவிடுவாளோ என்ற பயத்தில், கவளத்தோடு நீட்டிய அவன் கை பாதியில் நின்றது.

பரிமாறிய பெண் டேனிஷில் கேட்டாள். "முதல் சந்திப்பா?"

"இல்லை, திருமணமாகி நான்கு வருடம். எட்டாம் நாளே நான் இங்கே வந்துவிட்டேன். விசா கிடைத்து, இவள் இன்று காலைதான் வந்திறங்கினாள்."

டேனிஷ் விளங்காத மேர்சி கவளத்துக்காக வாயைத் திறந்தாள்.

"இன்னும் எத்தினை வருசம் காக்க வைக்கப் போறியள்?"