அவர் முகம் அவர் சொத்து

"என் மூஞ்சியை நான் எதுக்கு கவர்ன்மென்டுக்குக் கொடுக்கணும்? கேக்கறேன், சொல்லு."

மைசூர் விமான நிலைய வாசலில் நின்றுகொண்டு நரசிம்மமூர்த்தி கேட்டார். கேட்டது மனைவி கோதாவிடம்தான். ஆனால் வரிசையே திரும்பிப் பார்த்தது. அதில் அவருக்குப் பரம திருப்தி.

முகத்தைக் காட்டினால் தானாகத் திறக்கும் கேட் ஒன்று அங்கே இருந்தது. கோதா முன்பே போனில் பதிவு செய்து வைத்திருந்தாள்.

"கட்டாயம் இல்லேன்னு போட்டிருக்கே. வேண்டாம்னா அந்த வரிசையில அடையாள அட்டையைக் காட்டிட்டு வாங்கோ."

"சும்னே இரு, கோதா. இன்னிக்குக் கட்டாயம் இல்லே, நாளைக்கு? நான் எங்கே போறேன், எப்போ வரேன், யாரோட போறேன், எல்லாம் ஒரு மெஷினுக்குத் தெரியணுமா? என் சம்மதம் இல்லாம என் முகத்தைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசப்படாது."

நியாயமான பேச்சுதான். கோதா அதை மறுத்ததே இல்லை. உலகத்தில் அந்தரங்கம் என்பது தனக்கு ஒருவனுக்குத்தான் உண்டு என்று அவர் நினைத்ததுதான் தொல்லை.

ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் மகள் மேதாவைப் பெண் பார்க்க நாளை பிள்ளை வீட்டார் அங்கே வருகிறார்கள். இது மூன்றாவது வரன். முதல் பையனிடம் சம்பளச் சீட்டும் ரத்தப் பரிசோதனையும் கேட்டார். இரண்டாவது பையனின் போனையே கைநீட்டி வாங்கி, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். இரண்டு வீட்டாரும் காபியைக்கூடக் குடித்து முடிக்காமல் எழுந்து போனார்கள்.

இந்தப் பையனை மேதாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "இதையும் அப்பா கெடுத்துட்டார்னா, இனிமே எனக்கு வரனே பாக்காதேம்மா" என்று நேற்று போனில் அழுதாள்.

"ஏன்னா, நாளைக்கு ஒரு நாள் பேசாம இருக்கேளா?"

"எப்படி இருக்கறது? பையனுக்குக் கடன் இருக்கா, யார் யாரோட பழகறான், அவன் அப்பாவுக்கு சுகர் எவ்வளவு, எல்லாம் தெரிஞ்சாகணும். நான் பெண்ணைக் கொடுக்கறவன்."

கோதா பெருமூச்சு விட்டாள். கேட்டின் முன்னால் நின்று முகத்தைக் காட்டினாள். அது திறந்தது. உள்ளே போய் நின்றுகொண்டாள்.

நரசிம்மமூர்த்தி மார்பை நிமிர்த்திக்கொண்டு அடுத்த வரிசையில் நின்றார். முறை வந்ததும் பர்ஸைத் துழாவினார். டிரைவிங் லைசென்ஸைக் காணோம். அகப்பட்டது பழைய வாக்காளர் அட்டை ஒன்றுதான்.

காவலர் சென்னப்பன் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் ராமாபுரத்துக்காரர்; தமிழ் பேசுவார். அட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"இதுல மூஞ்சியே தெரியலீங்களே சார். கரி பூசுன மாதிரி இருக்குது. ஆதார் இருக்குதுங்களா?"

"அதை நான் வீட்டை விட்டு வெளியே எடுக்கறதே கிடையாது."

"அப்ப இது நீங்கதான்னு யாருங்க சொல்றது? உள்ள நிக்கறது உங்க வீட்டம்மாங்களா?"

"நான் யாரோட போறேங்கறது என் அந்தரங்கம். அதைக் கேக்க உமக்கு உரிமை இல்லே."

சென்னப்பன் உள்ளே திரும்பி, "ஏம்மா, இந்தப் படத்துல இருக்கறது இவருதானுங்களா?" என்று அட்டையை நீட்டினார்.

கோதா அட்டையை நிதானமாகப் பார்த்தாள். கல்யாண நாளிலிருந்து பார்த்து வரும் அந்த முகத்தையும் அதே நிதானத்தோடு பார்த்தாள்.

"அவர் சம்மதம் இல்லாம அவர் முகத்தைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசப்படாதுப்பா" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

"கோதா, நான் சம்மதிக்கறேன், சம்மதிக்கறேன்" என்ற குரல் பின்னால் கேட்டது. "ஆபீசர் வர வரைக்கும் ஓரமா நில்லுங்க சார்" என்ற குரலும் கேட்டது. ஆபீசர் வருவதற்குள் விமானத்தின் கதவைச் சாத்திவிடுவார்கள். அன்றைக்கு ஹைதராபாத்துக்கு அது ஒன்றுதான்.

இருக்கையில் உட்கார்ந்ததும் கோதா மகளுக்குப் போன் செய்தாள். "அப்பாவால வர முடியலேடி. அவாளை நிம்மதியா வரச் சொல்லு."

போனை அணைத்து வைக்கக் கைப்பையைத் திறந்தாள். காலையில் அவர் குளிக்கப் போனபோது பர்ஸிலிருந்து எடுத்துப் பத்திரப்படுத்திய டிரைவிங் லைசென்ஸில், நரசிம்மமூர்த்தியின் முகம் பளிச்சென்று தெரிந்தது.